தக்காளி ஊசிப்புழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தக்காளிச் செடியின் இலை தீய்ந்ததுபோல் காய்கிறது. காயின் காம்போரம் குண்டூசி குத்தியதுபோல் துளை விழுகிறது. வாரம் இருமுறை மருந்தடித்தும் நிற்கவில்லை. இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் பெரும்பாலும் அது ஊசிப்புழுதான். மருந்துக் கடைக்குப் போகும் முன் அதன் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது. அது எந்த நாளில் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் செய்யும் எந்தச் செலவும் வீண்.

ஊசிப்புழு எங்கிருந்து வந்தது?

தென் அமெரிக்காவிலிருந்து. பெரு நாட்டின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் கிடைத்த பூச்சிகளை வைத்து, எட்வர்ட் மெய்ரிக் என்ற ஆய்வாளர் 1917-இல் இதற்குப் பெயரிட்டார். டூட்டா அப்சலூட்டா என்ற பெயரில்தான் உலகெங்கும் அறியப்பட்டது. 2021-இல் வகைப்பாட்டை மாற்றி ஃபத்தோரிமேயா அப்சலூட்டா என்று ஆக்கியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே பூச்சிதான்.

2006 வரை இது தென் அமெரிக்காவின் தொல்லையாக மட்டுமே இருந்தது. அந்த ஆண்டின் இறுதியில் ஸ்பெயினில் தென்பட்டது. சில ஆண்டுகளிலேயே மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகள், ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா என்று பரவிவிட்டது. இந்தியாவில் 2014-இல் மகாராஷ்டிரத்தின் புனே பகுதியில் முதலில் கண்டார்கள். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு என்று தக்காளி விளையும் இடமெல்லாம் வந்து சேர்ந்தது. வந்த இடங்களில் அதன் பழைய எதிரிகள் இல்லை, தக்காளியோ ஆண்டு முழுவதும் வயலில் இருக்கிறது. இவ்வளவு வேகமாகப் பெருகியதற்கு இதுவே காரணம்.

ஊசிப்புழு வளர்ந்து ஆகும் அந்துப்பூச்சி பறந்தும் பரவும். ஆனால் மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டு போவது நாற்றும் காய்ப்பெட்டியும்தான். பெட்டியின் இடுக்கில் ஒட்டியிருக்கும் ஒரு கூட்டுப்புழு போதும்.

பார்க்க எப்படி இருக்கும்?

அந்துப்பூச்சி 5 முதல் 7 மி.மீ. நீளம்தான். சிறகை விரித்தால் 8 முதல் 10 மி.மீ. சாம்பலும் பழுப்பும் கலந்த வெள்ளிப் பூச்சு, முன் சிறகில் கறுப்புப் புள்ளிகள், மணி கோத்ததுபோல் வெளுப்பும் கறுப்பும் மாறி மாறி வரும் உணர்கொம்பு. பகலில் இலைக்கு அடியில் ஒண்டியிருக்கும். செடியைத் தட்டினால் சட்டென்று குறுக்கும் நெடுக்குமாகப் பறந்து அடுத்த செடியில் அடங்கும்.

புழு பிறக்கும்போது 1 மி.மீ. அளவில், வெளுத்த நிறத்தில் இருக்கும். வளர வளரப் பச்சையாகி, முற்றும்போது முதுகில் இளஞ்சிவப்பு ஏறும். அப்போது நீளம் 7 அல்லது 8 மி.மீ. தலைக்குப் பின்னால் கழுத்துப் பட்டைபோல் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு ஓடும். கைக்கண்ணாடியில் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் நம்பிக்கையாகச் சொல்லலாம்.

இலையில் கோடு விழுவதெல்லாம் ஊசிப்புழுவா?

இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

தக்காளியில் இலை சுரங்கப்பூச்சி என்ற சிறிய ஈயும் உண்டு. அது இலையில் பாம்பு ஊர்ந்ததுபோல் நெளிநெளியாக வெள்ளைக் கோடு போடும். ஊசிப்புழுவின் சேதம் கோடாக நிற்காது. மெல்லிய கோடாகத் தொடங்கினாலும் சில நாட்களில் அகன்று ஒழுங்கற்ற பெரிய திட்டாகிவிடும். இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். மேல்தோலும் கீழ்த்தோலும் மட்டும் கண்ணாடித்தாள்போல் மிஞ்சி, உள்ளே பச்சையம் தின்னப்பட்டிருக்கும். திட்டின் ஓரிடத்தில் கறுப்பு எச்சம் குவிந்திருந்தால் அது ஊசிப்புழு. ஈயின் புழுவாக இருந்தால் எச்சம் கோட்டின் நெடுகே மெல்லிய இழையாகச் சிதறியிருக்கும். அந்தப் புழுவுக்குத் தலையும் காலும் தெரியாது.

காயில் ஆளைக் குழப்புவது பச்சைக் காய்ப்புழு. அது வட்டமான பெரிய துளை போட்டு, உடம்பின் பாதியை வெளியே நீட்டிக்கொண்டு தின்னும். ஊசிப்புழுவின் துளை குண்டூசி முனை அளவுதான், அதுவும் பெரும்பாலும் காம்புப் பக்கம் இருக்கும் பச்சைப் புல்லி இதழின் மறைவில் இருக்கும். காயைப் பறிக்கும்போது அந்த இதழைத் தூக்கிப் பார்க்காதவர் கண்ணில் அது படவே படாது. பெட்டியில் இரண்டு நாள் இருந்தபின் துளையைச் சுற்றி அழுகல் பரவும்போதுதான் தெரியும்.

கருகல் நோயோடும் குழப்பிக்கொள்வார்கள். காய்ந்த திட்டை நகத்தால் உரித்துப் பாருங்கள்: உள்ளே வெற்றிடமும் எச்சமும் இருந்தால் புழு, தோலோடு ஒட்டிக் கருகியிருந்தால் நோய்.

வாழ்க்கைச் சுழற்சி எத்தனை நாள்? எந்த நிலை எங்கே நடக்கிறது?

நான்கு நிலைகள்: முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி. ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்தில் நடக்கிறது. ஒரே மருந்தால் எல்லாவற்றையும் பிடிக்க முடியாமல் போவது இதனால்தான்.

முட்டை 0.4 மி.மீ. கூட இருக்காது; வெளிர் மஞ்சள் நிறம். தாய்ப்பூச்சி அதை ஒவ்வொன்றாகத் தனித்தனியே இடும். பெரும்பாலும் கொழுந்து இலையின் அடிப்புறத்தில், கொஞ்சம் தண்டிலும், இளங்காயின் புல்லி இதழிலும். ஒரு பெண் பூச்சி தன் வாழ்நாளில் அதிகபட்சம் 260 முட்டை வரை இடும். அதில் பெரும்பகுதி முதல் வாரத்திலேயே முடிந்துவிடும். வெப்பமான நாட்களில் 4, 5 நாளில் முட்டை பொரிக்கும்.

பொரித்த புழு வெளியே அலைவது சிறிது நேரம்தான். இலைத் தோலைக் கடித்து உள்ளே போய்விடும். அதற்குப் பிறகு 10 முதல் 15 நாள் அதன் வீடும் உணவும் இலையின் உட்புறம். நான்கு பருவமாக வளர்கிறது. இடையில் இலை காய்ந்துவிட்டால் வெளியே வந்து புது இலையிலோ கொழுந்துத் தண்டிலோ காயிலோ நுழையும். காயோடு காய் உரசும் இடமும், இலை காயைத் தொடும் இடமும் அதற்குப் பிடித்த வாசல்கள்.

முற்றிய புழு பெரும்பாலும் நூல் விட்டு மண்ணில் இறங்கி, மேல்மண்ணிலோ உதிர்ந்த சருகிலோ கூட்டுப்புழுவாகும். சில புழுக்கள் இலை மடிப்பிலோ சுரங்கத்துக்குள்ளேயோ வெள்ளை நூல் கட்டி அங்கேயே அடங்கும். இது 6 முதல் 10 நாள். பிறகு அந்துப்பூச்சி வெளிவரும். ஆண் ஒரு வாரம் போல வாழும், பெண் 10 முதல் 15 நாள். பறப்பதும் கூடுவதும் முட்டையிடுவதும் அந்தியிலும் விடியலிலும்.

மொத்த நாளை முடிவு செய்வது வெப்பநிலை. சிலியில் செய்த ஆய்வொன்றில் 14 பாகை செல்சியஸில் ஒரு சுழற்சிக்கு 76 நாள் ஆனது. சுமார் 20 பாகையில் 40 நாள். 27 பாகையில் 24 நாள். நம் சமவெளியின் வெப்பத்தில் மூன்றரை வாரத்துக்கு ஒரு தலைமுறை என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு மாதப் பயிரில் நான்கு, ஐந்து தலைமுறை வந்துபோகும். சாதகமான சூழலில் ஆண்டுக்கு 10 முதல் 12 தலைமுறை. உணவு இருக்கும்வரை இது உறக்கநிலைக்கும் போவதில்லை. முதல் மாதத்தில் நான்கு இலையில் தெரிந்த சேதம் மூன்றாம் மாதத்தில் வயல் முழுவதும் தெரிவது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே விடை.

தக்காளியைத் தவிர வேறு எதில் வாழும்?

கத்தரிக் குடும்பம் முழுவதும் அதற்குச் சொந்தம்போல. உருளைக்கிழங்கு இலை, கத்தரி, வரப்போரம் முளைக்கும் மணத்தக்காளி, ஊமத்தை எல்லாவற்றிலும் வளரும். தக்காளி கிடைத்தால் தக்காளிக்கே முதலிடம். தக்காளி இல்லாத இடைவெளியில் அதைக் காப்பாற்றி வைப்பது இந்த மற்றச் செடிகள்தான். ஆகையால் வயலுக்குள் களையெடுத்துவிட்டு வரப்பை விட்டுவிடுவது பாதி வேலை. தக்காளிக்குப் பின் கத்தரி வைப்பதும் பயிர் சுழற்சி ஆகாது. வெங்காயம், பயறு, சோளம், கீரை என்று வேறு குடும்பத்துக்கு மாறுங்கள்.

எந்தப் பருவத்தில் கவனம் கூட்ட வேண்டும்?

கனமழை இந்தப் பூச்சிக்கு ஆகாது. முட்டையும் பூச்சியும் அடித்துப் போகும். மழை ஓய்ந்து வெயில் ஏறும் தை, மாசியிலிருந்து கோடை நெடுக எண்ணிக்கை கூடும். மூடிய பசுமைக்குடிலுக்குள் மழையின் உதவி கிடைக்காது. அங்கே ஆண்டு முழுவதும் விழிப்பு வேண்டும்.

நாற்றிலேயே வந்துவிடுமா?

வரும். நடவுக்கு முன் தடுப்பதுதான் எல்லாவற்றிலும் மலிவான தடுப்பு. குழித்தட்டு நாற்று வாங்கும்போது தட்டைச் சாய்த்து இலையின் அடிப்புறம் பாருங்கள். ஒரு திட்டு தெரிந்தாலும் அந்தத் தட்டை எடுக்காதீர்கள். சொந்த நாற்றங்கால் என்றால் 40 மெஷ் (அங்குலத்துக்கு 40 கண்) பூச்சிவலை கட்டி, நுழைவில் இரட்டைக் கதவு வையுங்கள். வெறும் நிழல்வலை இதைத் தடுக்காது, அதன் கண் பெரிது. பழைய தக்காளி வயலுக்குப் பக்கத்தில் நாற்றங்கால் போடவும் வேண்டாம்.

இனக்கவர்ச்சிப் பொறி எத்தனை, எங்கே, எப்படி வைப்பது?

பெண் பூச்சி ஆணை அழைக்க விடும் வாசனையைச் செயற்கையாகச் செய்து ஒரு ரப்பர் குப்பியில் ஏற்றியிருப்பார்கள். அதற்குக் கவர்ச்சிக் குப்பி என்று பெயர். கடையில் கேட்கும்போது தக்காளி ஊசிப்புழுவுக்கு என்று சொல்லி வாங்குங்கள். பச்சைக் காய்ப்புழுவின் குப்பியை மாற்றிக் கொடுத்துவிடுவதும் உண்டு. அதில் ஊசிப்புழு ஒன்றுகூட விழாது.

பூச்சி வந்துவிட்டதா என்று அறிய மட்டும் என்றால் ஏக்கருக்கு 2 பொறி போதும். நடவுக்கு ஒரு வாரம் முன்பே வைத்துவிடுங்கள். எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்றால் திறந்த வயலில் ஏக்கருக்கு 16 முதல் 20 வரை வேண்டும்.

ஊசிப்புழுவுக்கு நீர்த்தட்டுப் பொறி நன்றாக வேலை செய்யும், செய்வதும் எளிது. அகலமான பிளாஸ்டிக் தட்டில் நாலு விரல் ஆழம் தண்ணீர் ஊற்றுங்கள். கொஞ்சம் சோப்புக் கரைசலோ சமையல் எண்ணெயோ சேர்த்தால் விழுந்த பூச்சி எழ முடியாது. குப்பியைக் கம்பியில் கட்டித் தண்ணீருக்கு இரண்டு விரல் மேலே தொங்கவிடுங்கள். தட்டைத் தரையிலோ முழங்காலுக்குத் தாழ்வாகவோ வையுங்கள். இந்தப் பூச்சி தாழப் பறப்பது. கொம்பு நட்டுத் தலைக்கு மேல் கட்டிய பொறியில் கொஞ்சமே விழும்.

தண்ணீரை வாரம் ஒருமுறை மாற்றவேண்டும். குப்பி 4 முதல் 6 வாரம் வரும். கோடையில் நான்கு வாரத்தில் மாற்றிவிடுவது நல்லது. பழைய குப்பியை வயலிலேயே எறியக் கூடாது. மிஞ்சிய வாசனை ஆண்களை அங்கே இழுத்து, பொறியில் விழவேண்டியதைக் குறைத்துவிடும். மருந்து தொட்ட கையால் குப்பியைத் தொடாதீர்கள். மீதிக் குப்பிகளைக் குளிர்பெட்டியில் உறை பிரிக்காமல் வையுங்கள்.

பொறி நிறையப் பூச்சி விழுகிறது. ஆனாலும் சேதம் குறையவில்லையே?

பொறியில் விழுவது எல்லாம் ஆண். முட்டையிடும் பெண் ஒன்றுகூட விழுவதில்லை. ஓர் ஆண் பல பெண்களோடு கூடும். எனவே பாதி ஆண்களைப் பிடித்தாலும் மிச்சப் பாதி போதும். போதாக்குறைக்கு, ஆணோடு கூடாமலே பெண் முட்டையிட்டு அது பொரிப்பதையும் ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள்.

ஆகவே பொறியை முழு மருந்தாக நினைக்க வேண்டாம். அதன் பெரிய பயன் நாள் சொல்வது. திடீரென்று பொறியில் எண்ணிக்கை ஏறினால் அடுத்த சில நாட்களில் முட்டையும், ஒரு வாரத்தில் இளம்புழுவும் வரும் என்று பொருள். அந்த ஒரு வாரம்தான் உங்கள் கையில் இருக்கும் நேரம்.

மருந்தடித்தும் ஏன் சாகவில்லை?

பெரும்பாலும் மூன்று காரணம்.

முதலாவது, மருந்து புழுவைத் தொடவே இல்லை. மேலே பட்டால் மட்டும் கொல்லும் மருந்து இலைத் தோலுக்குள் இருக்கும் புழுவை என்ன செய்யும்? இலைக்குள் ஊடுருவும் மருந்தாக இருக்கவேண்டும், முட்டை பொரிக்கும் நேரத்தில் இலைமேல் இருக்கவேண்டும், அடிப்புறம் நனையவேண்டும். தெளிப்பானின் நாசிலை மேல்நோக்கித் திருப்பித் தெளியுங்கள். வளர்ந்த பயிருக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் இல்லாமல் அடிப்புறம் நனையாது. நான்கு டேங்க்கில் முடித்துவிட்டால் மருந்து கொழுந்தோடு நின்றுவிடும்.

இரண்டாவது, அடித்தது ஒரே நாளில். அன்று மண்ணில் கூட்டுப்புழுவாக இருந்தவை தப்பித்துவிட்டன. பத்து நாளில் அவை பறந்து வந்து முட்டையிடும்போது, மருந்து தோற்றுவிட்டதுபோல் தெரியும்.

மூன்றாவது, எதிர்ப்புத்திறன். இதை அழுத்திச் சொல்லவேண்டும். பைரித்ராய்டு என்ற மருந்து வகைக்கு இந்தப் பூச்சி பல நாடுகளில் எப்போதோ பழகிவிட்டது. புதிய டையமைடு வகைக்கும் இத்தாலியிலும் கிரேக்கத்திலும் எதிர்ப்பு வந்துவிட்டது. குளோரான்ட்ரனிலிபுரோல், சயன்ட்ரனிலிபுரோல், ஃபுளூபென்டியமைடு மூன்றும் டையமைடுதான். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் மற்றொன்று என்று அடித்தால் மருந்தை மாற்றியதாகாது. ஒரே பூட்டுக்கு மூன்று கடையில் ஒரே சாவி வாங்கியதுபோல்தான். பாட்டிலில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை விட்டு, சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பெயரைப் படியுங்கள்.

முறை இதுதான்: ஒரு தலைமுறைக் காலம், அதாவது ஏறத்தாழ நான்கு வாரம், ஒரு வகை. அடுத்த நான்கு வாரம் அந்த வகையைத் தொடாமல் வேறு வகை. காட்டாக, முதலில் குளோரான்ட்ரனிலிபுரோல் 18.5 எஸ்.சி. (18.5 சதத் திரவ மருந்து), லிட்டருக்கு 0.3 மி.லி. (ஏக்கருக்கு 60 மி.லி.), இதை அடித்தபின் 3 நாள் காய் பறிக்கக் கூடாது. அடுத்த கட்டத்தில் இன்டாக்சாகார்ப் 14.5 எஸ்.சி., லிட்டருக்கு 1 மி.லி.; இதற்கு 5 நாள். எந்த மருந்தானாலும் பாட்டிலின் விவரச் சீட்டில் தக்காளி என்று இருக்கிறதா பார்த்து, அதில் சொன்ன அளவோடும் இடைவெளியோடும் நில்லுங்கள். இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிப்பதால் செலவும் எச்சமும்தான் கூடும். நன்மை செய்யும் பூச்சிகளும் ஒட்டுமொத்தமாகப் போய்விடும்.

மாலையில் தெளியுங்கள். அந்துப்பூச்சி வெளியே வரும் நேரம் அது. தேனீ கூட்டுக்குத் திரும்பியிருக்கும்.

வேப்பங்கொட்டைச் சாறு பலன் தருமா? எப்படித் தயாரிப்பது?

தொடக்கத்திலேயே அடித்தால் தரும். முட்டையிட வரும் பூச்சியை விலக்கும், இளம்புழுவின் தீனியையும் வளர்ச்சியையும் கெடுக்கும். முற்றிய புழுவிடம் பலிக்காது.

5 சதக் கரைசலுக்கு, நன்றாகக் காய்ந்த வேப்பம்பருப்பு 5 கிலோ எடுத்து, எண்ணெய் வெளிவராமல் பக்குவமாக இடித்துத் தூளாக்குங்கள். 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் பால்போல் வரும்வரை கலக்கி, இரட்டை மடிப்புத் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்குங்கள். 200 கிராம் சோப்பைத் தனியாகக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். அன்றைக்கே மாலையில் தெளித்துவிடவேண்டும். வெயிலிலும் நாள்பட வைத்தாலும் வீரியம் போய்விடும். எட்டு மாதத்துக்கு மேற்பட்ட பழைய கொட்டையில் பலன் குறைவு. ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் தொடர்ந்து அடித்தால்தான் பயன் தெரியும்.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நுண்ணுயிர் மருந்துக்கும் இதே விதி: இளம்புழு, மாலை வேளை, அடிப்புறம்.

முட்டை ஒட்டுண்ணி அட்டை கட்டலாமா?

கட்டலாம். டிரைக்கோகிரம்மா என்ற நுண்குளவி ஊசிப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து, புழு பிறக்கும் முன்பே முடித்துவிடும். அந்துப்பூச்சியாகும் முன் ஊசிப்புழு மறைவில்லாமல் வெளியே இருக்கும் ஒரே நீண்ட நிலை முட்டைதான்; அதனால் இந்த வழி பொருத்தமானது. 1 சி.சி. அட்டையில் ஏறத்தாழ 20,000 ஒட்டுண்ணி முட்டை இருக்கும். ஏக்கருக்கு 1 சி.சி., சிறு துண்டுகளாக வெட்டி, பரவலாக இலையின் அடிப்புறம் மாலையில் பொருத்துங்கள். முட்டைப் பருவம் 4, 5 நாள்தான் என்பதால் வாரம் ஒருமுறை விடவேண்டும். பொறியில் முதல் பூச்சிகள் விழுந்ததும் தொடங்குங்கள். அட்டை கட்டிய வாரத்தில் வீரிய மருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும்.

கொழுந்தில் மெலிந்த பச்சை நாவாய்ப்பூச்சி ஓடுகிறது. அதையும் கொல்லவேண்டுமா?

அவசரப்படாதீர்கள். அது நெசிடியோகோரிஸ் டெனுயிஸ் என்ற மிரிட் நாவாய்ப்பூச்சியாக இருக்கலாம். ஊசிப்புழுவின் முட்டையையும் இளம்புழுவையும் வெள்ளை ஈயையும் உறிஞ்சித் தின்னும். இரை குறைந்துவிட்டால் செடியையும் குத்திச் சேதப்படுத்தும். அப்போது கொழுந்துத் தண்டில் மோதிரம் போட்டதுபோல் பழுப்பு வளையம் தெரியும். வளையம் எங்கும் பரவினால்தான் கட்டுப்படுத்தும் யோசனை.

ஓரத்தில் செண்டுமல்லி நட்டால் போதுமா?

அது பச்சைக் காய்ப்புழுவுக்கான பொறிப்பயிர். ஊசிப்புழு அதில் முட்டையிட வராது.

வயலை எப்படிச் சோதிப்பது?

வாரம் இருமுறை, குறுக்கு நெடுக்காக நடந்து ஏக்கருக்கு 20 செடி. ஒவ்வொன்றிலும் கொழுந்து, நடு, அடி என்று மூன்று இலை, கூடவே ஒரு காயின் புல்லி இதழ். வரப்பையொட்டிய செடிகளை விடாதீர்கள். பூச்சி முதலில் இறங்குவது ஓரத்தில்தான். திட்டு விழுந்த இலையைப் பார்த்ததும் கிள்ளிப் பைக்குள் போடுங்கள். கிள்ளித் தரையில் போட்டால் புழு நடந்து அடுத்த செடிக்குப் போகும். முதல் மாதத்தில் இந்தக் கிள்ளும் வேலையை ஒழுங்காகச் செய்த வயலில் பின்னால் மருந்துச் செலவு குறைகிறது. ஆள் கூலியைப் பார்த்து இதை விடுபவர்கள்தான் அதிகம். விடக் கூடாத வேலை இது.

கடைசிப் பறிப்பு முடிந்தது. விலை இல்லை என்று செடியை அப்படியே விட்டால் என்ன?

ஊசிப்புழு பெருகப் பெரிதும் உதவுவது இதுதான். கைவிட்ட வயலில் மருந்தும் இல்லை, பறிப்பும் இல்லை. அங்கே வளரும் ஒரு தலைமுறை பக்கத்து வயலின் இளம்பயிர் மேல் இறங்கும். உங்கள் அடுத்த பயிருக்கும் அதே கதிதான்.

கடைசிப் பறிப்பு முடிந்த வாரத்திலேயே செடியைப் பிடுங்குங்கள். பிடுங்கியதை வரப்பில் குவிக்கக் கூடாது. காயும் இலையிலிருந்து புழு வெளியேறிவிடும். கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாளால் குவியலை மூடி, ஓரத்தை மண்ணால் அடைத்து வெயிலில் விடுங்கள். குறைவாக இருந்தால் பைகளில் இறுகக் கட்டி வெயிலில் வைத்தால் போதும். அழுகல் காய்களை ஆழக் குழியில் புதைத்து மண் மூடுங்கள். பிறகு நிலத்தை உழுது மேல்மண்ணைப் புரட்டுங்கள். கூட்டுப்புழு வெயிலுக்கும் பறவைக்கும் வெளிப்படும். அடுத்த தக்காளிக்கோ கத்தரிக்கோ குறைந்தது ஆறு வாரம் இடைவெளி விடுங்கள். அந்த ஆறு வாரமும் தானாக முளைக்கும் தக்காளி, மணத்தக்காளி, ஊமத்தை எதுவும் வயலில் நிற்கக் கூடாது. ஒருவர் மட்டும் செய்தால் பலன் பாதிதான். ஒரே வாய்க்கால் பாசனத்தில் இருப்பவர்கள் பேசி வைத்துக்கொண்டு ஒரே சமயத்தில் அழித்தால் நன்றாகத் தெரியும்.

துளை விழுந்த பழத்தைச் சாப்பிடலாமா?

புழுவில் நஞ்சு இல்லை. துளையைச் சுற்றிய பகுதியை வெட்டி எறிந்து, மீதி உறுதியாக இருந்தால் சமைக்கலாம். அழுகல் நீர் கசிந்தாலோ வாடை வந்தாலோ வேண்டாம். துளை வழியே பூஞ்சையும் பாக்டீரியாவும் உள்ளே போயிருக்கும். விற்பனைக்கு அனுப்பும் பெட்டியில் ஒரு துளைக் காயும் சேராமல் பிரித்துவிடுங்கள். சந்தையிலிருந்து திரும்பும் காலிப் பெட்டிகளை வயலுக்குள் கொண்டு வரும் முன் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள்.